மின்பியானோவின் மெய்ம்மை

ரோட்ஸ் மின்பியானோவில் சுத்தியல் எஃகுக் கம்பியைத் தட்டுகிறது. காந்தச் சுருள் அவ்வதிர்வை மின்னோட்டமாக்குகிறது. மெல்லத் தொட்டால் மணியோசை. ஓங்கித் தட்டினால் உறுமல்.

1983இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 அக்கம்பியைப் பின்பற்றவில்லை. அதிர்வெண் பண்பேற்றத்தால் பளிங்கனைய வேறொரு குரலைப் படைத்துப் புகழ்பெற்றது. இன்றைய கணினிக் கருவிகள் சிலவோ, கம்பியின் அதிர்வையும் காந்தத்தின் தொலைவையும் கணக்கிட்டே ஒலியெழுப்புகின்றன.

இவற்றை எங்ஙனம் மதிப்பிடுவது? ஒற்றைச் சுரத்தைக் கேட்டு, “அச்சு அசல்” என வியப்பது திறனாய்வாகாது. பதிவுசெய்த ஒலியும் அத்தேர்வில் வெல்லும். விரலழுத்தம் மிகமிக, மணியோசை இடையே தாவாமல் உறுமலாகக் கனிதல் வேண்டும். சில அழுத்த அளவுகளில் மட்டுமே பதிந்த ஒலி இங்கே தடுமாறும். செம்மையான கணிப்பு நிலைக்கும். ஜொகூர் மேடைகளில் விசைப்பலகை இசைக்கும் நம் இளைஞர், செவியோடு விரலையும் நடுவராகக் கொள்வாராக.