பிம்பமும் மருந்தும்: சானடோரியத்திலிருந்து சில குறிப்புகள்

நம்மிடையே மருந்து பற்றிய விவாதம் பெரும்பாலும் மருந்தைப் பற்றியதாக இருப்பதில்லை. யார் சொன்னார் என்பதைப் பற்றியதாகவே முடிந்துவிடுகிறது.

2017 அக்டோபரில் டெங்கு பரவிக்கொண்டிருந்தபோது, உரிய ஆராய்ச்சி முடிவுகள் வரும்வரை நிலவேம்புக் குடிநீர் விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தம் இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டார். ஆராய்ச்சியை அலோபதிக்காரர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, பாரம்பரியத்தைக் காப்பவர்களே செய்திருக்கலாம் என்பதும் அவர் கருத்து. காவல்துறையில் புகார் போயிற்று. விவகாரம் உயர்நீதிமன்றம் வரை சென்றது. ‘நடிகனுக்கு வைத்தியத்தப் பத்தி என்னய்யா தெரியும்?’ என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தலைவர் படம் போட்ட பேனருக்குக் கீழே ரசிகர் மன்றத்தார் அண்டா வைத்துக் குடிநீர் ஊற்றியபோது இதே கேள்வி எழவில்லை. பிம்பம் ‘குடி’ என்றால் அன்பு. ‘சோதித்துப் பார்’ என்றால் துரோகம்.

பல்லாவரத்தில் வளர்ந்த சமந்தா 2024 ஜூலையில், சாதாரண வைரஸ் தொற்றுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடை நெபுலைசர் வழியே உள்ளிழுக்கலாம் என்று இன்ஸ்டாகிராமில் எழுதினார். நுரையீரலுக்குக் கேடு செய்யக்கூடிய முறை அது. கேரளக் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸ், அபராதமோ சிறையோ வேண்டும் என்றார். தேர்ந்த மருத்துவர் ஒருவர் சொன்னதை நல்லெண்ணத்தில் பகிர்ந்ததாகச் சமந்தா பதில் சொன்னார். அந்த நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. 2022இல் தமக்கு மயோசைட்டிஸ் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவர் வலி உண்மை. பிரச்சினை ‘எனக்குக் கேட்டுச்சு’ என்ற வாக்கியத்தில் இருக்கிறது. ஜலதோஷம் எதைச் சாப்பிட்டாலும், சாப்பிடாவிட்டாலும் சில நாளில் போய்விடும். பெருமை மட்டும் கடைசியாகச் சாப்பிட்டதற்குப் போகிறது. ஹோமியோபதியின் வெள்ளை உருண்டை மேல் உள்ள நம்பிக்கையும் பெரும்பாலும் இப்படி வளர்ந்ததுதான்.

‘சோதனை என்பதே மேற்கத்திய அதிகாரம், சித்தம் நம் மண்ணின் அறிவு’ என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். காலனியம் நம் வைத்தியர்களை ஓரங்கட்டியது உண்மை. இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் தாம்பரத்துக்காரனான எனக்கு ஊர் வேறொன்றைச் சொல்கிறது. 1928இல் டாக்டர் சௌரி முத்து இங்கே தொடங்கிய காசநோய் விடுதியின் பெயரைத்தான் சானடோரியம் ரயில் நிலையம் இன்றும் சுமக்கிறது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு: அன்றைய மேல்நாட்டு மருத்துவத்தின் வேதம் இது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவர்களுடைய நெரிசலான வீடுகளிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வெளியானது: குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வேலை செய்தது மருந்துதான். சோதனை இங்கே அலோபதியின் வேதத்தையே கவிழ்த்தது. சென்னையின் ஏழை வீடுகளிலிருந்து உலகத்துக்குப் போன அறிவை மேற்கத்தியம் என்று எப்படி ஒதுக்குவது? அதே சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. சித்தத்துக்கு இப்படிப்பட்ட சோதனையே மரியாதை, நடிகரின் சான்றிதழ் அல்ல.

பழியை நட்சத்திரத்தின் தலையில் மட்டும் கட்டுவதும் சரியல்ல. நம் டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் சீட்டு எழுதி ‘நெக்ஸ்ட்’ என்கிறார். திரையில் இருப்பவரோ முகம் பார்த்துப் பேசுகிறார். மருத்துவம் மௌனமாக இருக்கும் இடத்தில்தான் பிம்பம் பேசத் தொடங்குகிறது. விளைவு சின்னதல்ல. காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை. இரண்டாம் மாதம் இருமல் நின்றதும், ‘மாத்திர சூடு’ என்று விட்டுவிட்டுக் கஷாயத்துக்கு மாறினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் திரும்பி வரலாம்; மின்சார ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தொற்றலாம்.

நடிகர் சொன்னார் என்று குடிக்கவும் வேண்டாம், நடிகர் சொன்னார் என்று கொட்டவும் வேண்டாம். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், கொடுக்காத எத்தனை பேரோடு ஒப்பிட்டீர்கள் என்று கேட்போம். நடிகரிடமும், சித்த வைத்தியரிடமும், வெள்ளைக் கோட்டுக்காரரிடமும் ஒரே குரலில் கேட்போம்.