செயலாண்மையும் பொறுப்பும்: ஹாப்ஸின் அரசுக் கோட்பாடு குறித்த ஒரு மதிப்பீடு

செயலாண்மை என்பது செயல்புரியும் ஆற்றலை மட்டும் குறிப்பதன்று. புரிந்த செயலைத் தனதென ஏற்கும் கடப்பாட்டையும் அது உள்ளடக்கியது. இவ்விரண்டையும் பிரித்து நோக்கியவர் தாமஸ் ஹாப்ஸ். 1651இல் வெளிவந்த 'லெவியதான்' நூலின் 16ஆம் இயலில், செயலுக்கு உரியவரையும் அவர் சார்பில் செயல்படுபவரையும் அவர் வேறுபடுத்துகிறார். ஒப்பந்தத்தின்வழி குடிமக்கள் உரியவர் ஆகின்றனர். இறைமையாளர் அவர்கள் பெயரால் செயல்படுகிறார். அரசு என்னும் செயற்கை ஆள் இவ்வாறே உருப்பெறுகிறது.

சிதறிக் கிடக்கும் பலரை ஓர் அரசியல் உடலாக்குவதே இக்கோட்பாட்டின் வலிமை. அதன் இடர்ப்பாடும் அங்கேயே தொடங்குகிறது. இறைமையாளரின் செயல் அனைத்துக்கும் குடிமகனே உரியவன் என்பதால், அவரால் தனக்கு அநீதி நேர்ந்ததென அவன் முறையிட இயலாது என்கிறது 18ஆம் இயல். இறைமையாளரின் கட்டளைக்குப் பணிந்து குடிமகன் செய்வது அவன் செயலன்று, இறைமையாளரின் செயலே என்கிறது 42ஆம் இயல். இவ்விரு கூற்றுகளையும் இணைத்து நோக்கின், பொறுப்பு எவரிடத்தும் நிலைகொள்ளாமல் வட்டமிடுவது புலனாகும். ஆள்பவர் குடிமக்களைச் சுட்டலாம். குடிமக்கள் ஆள்பவரைச் சுட்டலாம்.

செயலாண்மை முழுவதையும் கையளிக்க இயலாது என்பதை ஹாப்ஸும் அறிந்திருந்தார். முறைப்படி மரண தண்டனை பெற்றவனும் தன் உயிரைக் காக்க எதிர்த்து நிற்கலாம் என 21ஆம் இயல் கூறுகிறது. ஆயினும் தனியாளிடம் எஞ்சுவது உயிர்காக்கும் உரிமையே. நன்மை தீமைகளைத் தானே தீர்மானிக்கும் உரிமை அன்று. அவ்வுரிமை கோருவதை அரசைக் குலைக்கும் கருத்துகளுள் ஒன்றாக 29ஆம் இயல் கொள்கிறது.

இவ்விடைவெளியின் விளைவு நூலளவில் நிற்பதன்று. அரசின் பெயரால் இழைக்கப்பட்ட கொடுமைகளை விசாரிக்க 1945இல் வகுக்கப்பட்ட நூரம்பர்க் தீர்ப்பாயச் சாசனம் அதனை நேரடியாக எதிர்கொண்டது. அரசுத் தலைவர் என்னும் நிலை பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்றது 7ஆம் பிரிவு. மேலிடக் கட்டளை தண்டனையைக் குறைக்கக் கருதப்படலாமேயன்றிப் பொறுப்பை நீக்காது என்றது 8ஆம் பிரிவு. முன்னது ஆள்பவருக்கான புகலிடத்தையும் பின்னது பணிபவருக்கான புகலிடத்தையும் அடைத்தன.

ஹாப்ஸின் கோட்பாடு அரசு எவ்வாறு செயல்படுகிறது என்பதைத் தெளிவாக விளக்குகிறது; அச்செயலுக்கு எவர் விடைகூறுவது என்பதை விளக்கவில்லை. அரசின் செயலாண்மை மனிதரிடமிருந்து பெறப்பட்டது. செயல்புரியும் அதிகாரத்தைப் பிறருக்கு வழங்கலாம். அச்செயலை எடைபோடும் பொறுப்பை வழங்க இயலாது. அப்பொறுப்பைத் தனியாளிடம் நிறுத்தாத எந்த அரசுக் கோட்பாடும் முழுமையானதன்று.