மடிக்கணினியும் கண்ணி வலையமைப்பும்: பயனர் கட்டுப்பாடு குறித்த மதிப்பீடு

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்றது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அக்கருவிகள் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி போன்ற ஊரகப் பகுதிகளின் அரசுப் பள்ளி மாணவரையும் சென்றடைந்தன. அத்திட்டம் பற்றிய பேச்சு பெரிதும் வழங்கலோடும் பழுதோடும் நின்றுவிடுகிறது. கருவிக்குள் இருந்த கம்பியில்லாத் தொடர்பு யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்பதும் ஆராயத்தக்கதே.

இதற்கு ஒப்பிட ஏற்றது ‘குழந்தைக்கொரு மடிக்கணினி’ திட்டத்தின் எக்ஸ்ஓ கருவி. இந்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006இல் அத்திட்டத்தை ஏற்க மறுத்தது; எனினும் மகாராட்டிரத்தின் கைராட் சிற்றூர்ப் பள்ளியில் 2007இல் அக்கருவி சோதிக்கப்பட்டது. கோபுரமோ திசைவியோ இல்லாத இடத்திலும் ஒரு கருவி மற்றொன்றின் தரவைக் கைமாற்றி அனுப்பும் என்பதே அதன் கண்ணி வலையமைப்பின் அடிப்படை. மையச் செயலி உறங்கினாலும் மார்வெல் நிறுவனத்தின் கம்பியில்லாச் சில்லு விழித்திருந்து பிறர் தரவைக் கடத்தும். பகிர்தலைக் கருவியின் இயல்பாகவே ஆக்கியது பாராட்டுக்குரியது. ஆயின் பகிர்வதற்கு உரியவரின் இசைவு கேட்கப்படவில்லை. செலவாகும் மின்கலம் குழந்தையுடையது, முடிவோ வடிவமைப்பாளருடையது. மீன்வலையின் கண்ணிக்கும் பறவை பிடிக்கும் கண்ணிக்கும் தமிழில் சொல் ஒன்றே என்பது இங்கு நினைவுக்கு வருகிறது.

தொடக்கப் பதிப்புகளில் கம்பியில்லா அலையை அணைக்க முனையத்தில் கட்டளை தட்டெழுத வேண்டியிருந்தது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் கட்டுப்பாட்டுப் பலகத்தில் அதற்கு இடம் கிடைத்தது. அதனாலும் குறை முழுதும் தீரவில்லை. சில்லின் நிலைபொருள் மூடிய நிரலாக இருப்பதை ஓப்பன்பிஎஸ்டி திட்டத்தின் தியோ டி ராட் 2006இலேயே கண்டித்திருந்தார். பயனர் அதனை அணைக்கலாம், திருத்த இயலாது. மேலும், ஒரே வகுப்பறையில் பல கருவிகள் கூடியபோது கண்ணிக்கான செய்திகளே அலைவரிசையை நிறைத்தன. அடுத்து வந்த எக்ஸ்ஓ 1.5 கருவியின் சில்லில் கண்ணி வசதியே இல்லை. 1, 6, 11 ஆகிய அலைத்தடங்களில் அமையும் எளிய நேரடி இணைப்பு அதன் இடத்தைப் பிடித்தது.

தமிழகக் கருவியின் நிலை இதற்கு மறுதலை. வழக்கமான வைஃபையை மாணவரே இயக்கலாம், அணைக்கலாம். விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் தரப்பட்டதால் இயங்குதளத்தின் நிரலைத் திறந்து பார்க்கவும் வழியிருந்தது. இணைவதற்கான வலையமைப்புதான் உடன் வரவில்லை. கல்லூரி மாணவருக்கு நாள்தோறும் 2 ஜிபி தரும் தரவு அட்டை அறிவிக்கப்பட்டது 2021இல். அதுவும் அலைபேசிக் கோபுரத்தின் வழியே வருவது. அருகருகே அமர்ந்த இருவரை நேரே இணைப்பதன்று.

வயல்களும் குன்றுகளும் இடையிடும் கொட்டாம்பட்டிச் சிற்றூர்களை மடிக்கணினி அலை ஒன்றோடொன்று இணைத்துவிடாது; அதன் எல்லை குறுகியது. ஒரு தெருவின் வீடுகளை இணைக்க அது போதும். அவ்வளவிற்கேனும், எந்நேரம் யாருக்காகத் தன் கருவி விழித்திருக்க வேண்டும் என்பதை மாணவரே தெரிவுசெய்யும் அமைப்பொன்றைத் திட்டம் வகுத்தோர் எண்ணியிருக்கலாம். பாடக்கோப்பு பென்டிரைவில் வீடு வீடாகச் செல்ல வேண்டியதில்லை.