யானைத்தலைச் சின்னம்: 413-ஆம் வான்மீட்பு அணி – ஒரு திறனாய்வு

கனடா விமானப்படையின் 413-ஆம் போக்குவரத்து மற்றும் மீட்பு அணி, நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கிரீன்வுட் தளத்தில் இயங்குகிறது. அட்லாண்டிக் கடலில் மீன்பிடிப் படகு கவிழ்ந்தாலும், காட்டில் சிறுவிமானம் விழுந்தாலும் தேடிப் போவது இந்த அணிதான். அதன் சின்னத்தில் இருப்பதோ யானைத் தலை. யானையே வாழாத அந்தக் குளிர்நாட்டுக்கு இச்சின்னம் இலங்கையிலிருந்து போனது. போர்க்காலத்தில் கிடைத்த அடையாளத்தை, வேலை முற்றிலும் மாறிய பிறகும் கைவிடாமல் சுமப்பது பல நாட்டு விமானப்படைகளின் வழக்கம். அந்த வழக்கத்தின் நிறைகுறைகளை எடைபோட 413-ஆம் அணியின் கதை நல்ல சான்று.

இந்த அணி 1941 ஜூலை 1 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்ரேரில் தொடங்கப்பட்டது. நீரிலேயே இறங்கி ஏறும் கேட்டலினா விமானங்கள் அதற்குத் தரப்பட்டன. 1942-இல் ஜப்பானியப் படை இந்தியப் பெருங்கடலை நெருங்கியபோது, இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலைக் களப்புக்கு அணி மாற்றப்பட்டது. ஏப்ரல் 4 அன்று லெனர்ட் பிர்ச்சல் ஓட்டிச் சென்ற கேட்டலினா, இலங்கைக்குத் தெற்கே ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் கூட்டத்தைக் கண்டது. கண்டதைக் கம்பியில்லாத் தந்தியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த ஒன்பது பேரில் மூவர் இறந்தனர்; பிர்ச்சல் உட்பட ஆறு பேர் போர்க்கைதிகளாயினர். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. முன்கூட்டியே செய்தி கிடைத்ததால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவும் வெளியேறிவிட்டிருந்தன. பிர்ச்சல் ‘இலங்கையைக் காத்தவர்’ என்று பெயர் பெற்றார்.

போருக்குப் பிந்தைய அணியின் வரலாறு நேர்கோட்டில் செல்லவில்லை. 1945-இல் அது கலைக்கப்பட்டது. 1947-இல் வானிலிருந்து நிலப்படம் எடுக்கும் அணியாகத் திரும்பியது. 1950-களில் சேபர் போர்விமானங்களை ஓட்டியது. 1961 இறுதியில் மறுபடியும் கலைந்தது. 1968-இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சம்மர்சைடில் மீட்பு அணியாகப் புதுப்பிறவி எடுத்து, 1991-இல் கிரீன்வுட்டுக்கு இடம்பெயர்ந்தது. விமானம், ஊர், ஆட்கள், பணி ஆகிய நான்கும் மாறின; இலங்கைப் பணியைக் குறிக்கும் யானைத் தலையும் ‘அலைகளைக் கண்காணிக்கிறோம்’ என்ற பொருள் தரும் லத்தீன் வாசகமும் மாறவில்லை.

இந்த வழக்கத்தின் முதல் நிறை தொடர்ச்சி. பலமுறை கலைந்த அணியை ஒரே அணி என்று சொல்லவைப்பது சின்னம்தான். புதிதாகச் சேரும் இருபது வயது இளைஞருக்குத் தான் எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதை ஒரு தையல்பட்டை உணர்த்திவிடுகிறது. இரண்டாவது, இந்த அணியைப் பொறுத்தவரை பழைய சின்னம் புதிய வேலைக்கும் பொருந்துகிறது. கொக்கலையிலிருந்து பறந்தவர்கள் கடற்பரப்பை மணிக்கணக்காகக் கண்ணால் துழாவினார்கள். இன்று மீட்பு விமானத்தில் போகிறவர்களும் கவிழ்ந்த படகைத் தேடி அதையேதான் செய்கிறார்கள். மூன்றாவது, சின்னம் அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. தந்தமுள்ள யானையைக் குறிக்கும் ‘டஸ்கர்’ என்ற பெயரிலேயே அணியின் விமானங்கள் வானொலியில் அழைக்கப்படுகின்றன.

குறைகளும் கனமானவை. சின்னம் ஒரு நாளை உயர்த்திப் பிடிக்கும்போது மற்ற நாட்கள் நிழலில் போகின்றன. ஏப்ரல் 4 எச்சரிக்கை வந்தும் ஏப்ரல் 5 காலையில் கொழும்பைக் காத்த போர்விமானங்கள் தரையிலேயே இருந்தன. தாக்குதல் திடீரென்றே வந்து விழுந்தது. அன்றே இரண்டு பிரிட்டிஷ் குரூஸர் கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதே நாளில் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு சொன்ன 413-ஆம் அணியின் இன்னொரு கேட்டலினாவிலிருந்து ஒருவர்கூடத் திரும்பவில்லை. பிர்ச்சலின் புகழ் நியாயமானது. ஆனால் ‘காத்தவர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த வரலாறு முழுவதும் அடங்காது.

பெருமை பாதுகாப்பைத் தருவதில்லை என்பது இரண்டாவது குறை. 1963-இல் சேவைக்கு வந்த லாப்ரடார் ஹெலிகாப்டர்களுக்கு மாற்றாகத் திட்டமிட்ட கொள்முதலை 1993-இல் கனடா அரசு ரத்துசெய்தது. 1998-இல்தான் 15 கார்மரன்ட் ஹெலிகாப்டர்களுக்கு ஆணை தரப்பட்டது. அவை வந்துசேரும் முன்பே, அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று, ஒரு மீட்புப் பணியிலிருந்து திரும்பிய 413-ஆம் அணியின் லாப்ரடார் கியூபெக்கின் காஸ்பே பகுதியில் விழுந்து ஆறு பேரும் மாண்டனர். புதிய ஹெலிகாப்டரிலும் ஆபத்து நீங்கவில்லை. 2006 ஜூலை 13 இரவு, கான்சோவுக்கு அருகே கடலில் பயிற்சியிலிருந்த ‘டஸ்கர் 914’ விழுந்து மூவர் இறந்தனர். இந்த ஒன்பது பேரும் உயிர்விட்டது மீட்புப் பணியின் பாதையில். சின்னத்திலோ 1942 மட்டுமே இருக்கிறது.

மூன்றாவது குறை, மீட்கப்படுகிறவரின் பக்கமிருந்து பார்த்தால் தெரிகிறது. அலையில் தத்தளிப்பவருக்கு யானைத் தலை கண்ணில் படாது. அவருக்குத் தெரிவது கார்மரன்ட்டின் மஞ்சள் உடலும் சிவப்புப் பட்டையும், கயிற்றில் இறங்கிவரும் மீட்புவீரரின் ஆரஞ்சு உடையும்தான். சுழலும் இறக்கையால் ஹெலிகாப்டரில் நிலைமின்சாரம் ஏறும். ஆகவே தொங்கவிட்ட வின்ச் கொக்கி நீரையோ தரையையோ தொடும் முன் அதைப் பிடித்தால் அதிர்ச்சி தாக்கும். கீழே இருப்பவரின் உயிரைக் காப்பது இத்தகைய அறிவும் தெளிவாகத் தெரியும் நிறமும்தான்.

இந்தக் குறை தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் 2009-இல் தொடங்கப்பட்ட கடற்படை விமானத்தளம், ‘ஐ.என்.எஸ். பருந்து’ என்று தமிழ்ப்பெயர் தாங்கியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, அங்கிருந்து பறந்த ஹெலிகாப்டர்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் உணவுப் பொட்டலங்களை இறக்கின. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கிய பயணிகளில் கர்ப்பிணி உள்ளிட்ட சிலரைச் சூலூரிலிருந்து சென்ற விமானப்படை ஹெலிகாப்டர் மீட்டது. இந்த அணிகளுக்கு மீட்பு, பல பணிகளில் ஒன்று. அவற்றின் நிறமும் போருக்கேற்றது.

கீழே காத்திருப்பவருக்கு எத்தகைய அறிவு வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டின் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை ஓர் எடுத்துக்காட்டு. அது வானம் பார்த்த பூமி. திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல்தான். பெருமழையில் ஒரு கண்மாய் உடைந்தால் அடுத்தடுத்த கண்மாய்களும் தாங்காது. அப்போது மேடாக மிஞ்சுவது கண்மாய்க் கரை மட்டுமே. அந்தக் கரையைச் சுற்றிச் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கும். குறுக்கே மின்கம்பி போகும். தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்கு இரண்டும் இடர். எந்தக் கரையில் முள் வெட்டி இடம் ஒதுக்குவது, விரித்த துணியைக் கல் வைத்து அமர்த்தி அடையாளம் காட்டுவது எப்படி, கூரைத் தகரங்களைக் காற்று பெயர்க்காமல் ஆட்களை எங்கே விலக்கி நிறுத்துவது ஆகியவற்றை ஊராட்சிகள் மழைக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

சின்னம் அணியை உள்ளிருந்து கட்டிவைக்கிறது. அந்த மட்டில் 413-ஆம் அணி யானையை விடாமல் வைத்திருப்பது சரியே. மீட்பின் தரத்தை நிர்ணயிப்பவை காலத்தில் வாங்கிய ஹெலிகாப்டர், தொலைவிலும் தெரியும் நிறம், கீழே காத்திருப்பவருக்குக் கிடைத்த பயிற்சி ஆகிய மூன்றும். இவற்றுக்குச் செலவிட்ட பிறகே சின்னத்தின் பெருமைக்குப் பொருள் உண்டு. அந்தப் பெருமையிலும் 1998-இலும் 2006-இலும் இறந்தவர்களுக்கு 1942-இன் வீரர்களுக்கு நிகரான இடம் தரப்பட வேண்டும்.