கதை சொன்னால் பட்டா வருமா?

2021 தீபாவளியை ஒட்டி, மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார விடாமல் திருப்பி அனுப்பப்பட்டதாக நரிக்குறவப் பெண் ஒருவர் பேசிய காணொளி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. அமைச்சர் வந்து அவர் பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சரே மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். அந்தப் பேச்சில் என்னை நிறுத்தியது அதன் தொனி. தன்னிடம் ஏதோ குறை என்று அவர் கூனிக் குறுகவில்லை; குறை பந்தி போட்டவர்களிடம் என்று வாதாடினார். கதையாடல் சிகிச்சை பல அமர்வுகள் நடத்தி எட்டப் பார்க்கிற இடம் அதுதான். யாருடைய கவுன்சிலிங்கும் இல்லாமல் அவர் அங்கே நின்றிருந்தார்.

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் 1980களில் உருவாக்கிய முறை இது. 1990இல் இருவரும் சேர்ந்து எழுதிய நூலுக்குப் பிறகு பல நாடுகளுக்குப் போனது. இந்தியாவிலும் பயிற்சி தருகிறார்கள். ஆள் வேறு, பிரச்சினை வேறு என்பதே அடிப்படை. நோய்ப்பெயரை ஒட்டுவதற்கு முன்பு, இந்தத் துன்பம் எப்போது வீட்டுக்குள் வந்தது, யார் அதற்குத் தீனி போடுகிறார்கள், எந்த நாளில் அது உங்களிடம் தோற்றது என்று ஆலோசகர் கேட்பார்.

விளிம்பில் நிற்கிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் ஏன் பொருந்துகின்றன என்பதை அறிய மாமல்லபுரம் இருக்கிற செங்கல்பட்டு மாவட்டமே போதும். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகிற இருளர் வீட்டுப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி ஆண்டு கழித்துத் திரும்பி வந்தால் பள்ளியில் அதற்குக் காத்திருக்கும் பெயர், 'படிப்பு ஏறாதது'. வழக்கமான ஆலோசனை அந்தப் பிள்ளையின் கவனக் குறைவில் தொடங்கும். கதையாடல் முறை சூளை முதலாளியின் கணக்கு நோட்டில் தொடங்கும். பிள்ளையின் தோளிலிருந்து வெட்கத்தை இறக்கி, அது சேர வேண்டிய வாசலில் வைக்கிறது. இந்த ஒன்றுக்காகவே இம்முறையை நான் மதிக்கிறேன்.

ஆனால் இந்த மக்கள் கதை சொல்லாமல் இருந்தவர்களா? பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியரிடம் தங்கள் வழக்கங்களைச் சொல்ல வேண்டும். கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டால், விடுதலைச் சான்றிதழுக்காகப் பட்டதையெல்லாம் மறுபடி சொல்ல வேண்டும். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் பகுதிகளில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகள் மீட்கப்பட்டபோது, ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் வெளியானது. அவர் கதையை எல்லோரும் பார்த்தார்கள். எந்தப் படம் வெளிவரலாம் என்று அவரிடம் யார் கேட்டிருப்பார்கள்? இப்போது இன்னொருவர் நோட்டுடன் வந்து உட்கார்ந்தால், இவரும் ஏதோ மனு எழுதுகிறார் என்றுதான் நினைப்பார்கள். எழுதியதைச் சொன்னவரிடமே கடிதமாகத் திருப்பிக் கொடுப்பது இம்முறையின் நல்ல வழக்கம். பயிற்சி வகுப்புக்கும் கருத்தரங்குக்கும் அதே கதை 'கேஸ்' ஆகப் போகும்போது அந்த வழக்கம் எங்கே போகிறது என்று கேட்டாக வேண்டும்.

மொழிச் சிக்கல் இன்னும் கடினம். நரிக்குறவர் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. தமிழ் அவர்கள் மணி விற்கிற, அதிகாரியிடம் பேசுகிற மொழி. துக்கத்தையும் அதிலேயே சொல்லச் சொன்னால், கேட்பவருக்குக் கிடைப்பது வாடிக்கையாளருக்குச் சொல்கிற அளவுதான்.

பெருமைக் கதைகளிலும் ஒரு கண்ணி உண்டு. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் விஷத்தில்தான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாரானது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பாம்பே பிடிக்கத் தெரியாத, அரிசி ஆலையில் மூட்டை சுமக்கிற இருளருக்கு ஆலோசகர் ஆசையோடு எடுத்துக் கொடுக்கும் 'மாற்றுக் கதை'யும் இதுவே என்றால், பழைய முத்திரை போய்ப் புதிய முத்திரை வந்ததாகத்தான் கணக்கு.

கதையின் ஆற்றலைப் பெரிதாக நம்புவதுதான் இம்முறையின் ஆகப் பெரிய பலவீனம். சாதிக்குக் கதை மட்டும் இல்லை. நிலம், குடிநீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை எல்லாம் இருக்கின்றன. மனச்சிதைவு போன்ற நோய்களுக்கு மாத்திரையும் தொடர் கவனிப்பும் வேண்டும். தவிர, ஒப்பீட்டுக் குழு வைத்து நடந்த பெரிய ஆய்வுகள் இம்முறைக்குக் குறைவு. இதற்கு நேர்மாறாக, மனச்சிதைவு உள்ளவர்களுக்கு வீடு தேடிப் போய்ச் செய்யும் பராமரிப்பைச் சோதித்து 2014இல் 'லான்செட்' இதழில் வெளியான இந்திய ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. அங்கே வீடு வீடாகப் போனவர்கள் மனநலப் பட்டதாரிகள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். கோவளத்தில் பணியாற்றும் தி பேனியன் அமைப்பும் பேச்சோடு நிற்பதில்லை. 2015இல் அது தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில், நெடுங்காலம் காப்பகத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். சமையல், கடைக்குப் போவது, பக்கத்து வீட்டுப் பேச்சு எல்லாம் அதில் அடக்கம். கதை மாற வேண்டுமானால் அது நடக்க ஒரு வீடு வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் சேலைகளைக் கட்டி மறைப்புக் குடில் போட்டு இருளர் கூடுகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மனை அழைத்து வர, மணலில் படி கட்டி விடியலில் படைக்கிறார்கள். சாமி வந்து குறி சொல்கிறார்கள், கல்யாணம் பேசி முடிக்கிறார்கள். துன்பத்தைச் சாட்சிகள் முன்னால் சொல்ல வேண்டும் என்று வைட் வகுத்த அரங்குக்கு இது மிக நெருக்கம். இதைச் சிகிச்சை என்று பெயரிட்டு நாம் கைப்பற்ற வேண்டியதில்லை. மூடிய அறை, ஒரு மணி நேரம், இரண்டு நாற்காலி என்ற ஏற்பாட்டை மட்டும் நம்பிப் போகிறவர்கள் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

என் கணிப்பில், இந்த மாவட்டத்தில் கதையாடல் சிகிச்சை பிழைக்க வேண்டுமானால், கேட்டவர் மறுநாள் தாலுகா அலுவலகத்துக்கும் உடன் வர வேண்டும். கேட்பவர்களில் சிலராவது இருளராக, நரிக்குறவராக, மீனவராக இருக்க வேண்டும். பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஊர்ப் பணியாளர்களுக்கான அடுத்த வகுப்புக்கு விண்ணப்பம் கேட்கும்போது, பட்டப்படிப்பு கட்டாயம் என்ற வரியை நீக்குங்கள், அந்த இடத்தில் மாதச் சம்பளம் எவ்வளவு என்று எழுதுங்கள்.