வானொலி உரையாடலின் தமிழும் எல்லைப்புறக் கேட்போரும்

1. முன்னுரை

வானொலியில் ஒலிபரப்பாகும் அறிவியல், நலவாழ்வு, நூல் அறிமுக உரையாடல்களை அவற்றின் செய்திச் சிறப்பு நோக்கி மதிப்பிடுவதே வழக்கம். அம்மொழி கேட்போர்க்கு எந்த அளவு பயன்படுகிறது என்பது அரிதாகவே ஆராயப்படுகிறது. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு வட்டங்களிலும் வாழும் தமிழரை முன்வைத்து இக்கட்டுரை அதனை நோக்குகிறது.

1956 நவம்பர் 1-இல் நிகழ்ந்த மாநிலச் சீரமைப்பில் இவ்வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. வானலைக்கு அவ்வெல்லை இல்லை. 1966-இல் தொடங்கிய கோவை நிலையத்தைச் சித்தூரார் கேட்பர்; கொடைக்கானல் பண்பலை இடுக்கி மலைகளை எட்டும்; தேவிகுளம் நிலையம் 1994-இல் ஏற்பட்டது. இதனால் ஒரே வீட்டில் 'வானொலி' என்பதும் 'ஆகாசவாணி' என்பதும் ஒலிக்கின்றன.

2. வினாவின் மொழி

சார்லஸ் பெர்குசன் 1959-இல் விளக்கிய இரட்டை வழக்கு தமிழ் வானொலியில் தெளிவாகப் புலப்படும். செய்தி எழுத்து வழக்கிலும் நாடகம் பேச்சு வழக்கிலும் அமைகின்றன. உரையாடலோ இரண்டிற்கும் இடையில் தடுமாறுகிறது. "நீரிழிவின் அறிகுறிகள் யாவை?" என்பது தேர்வுத்தாள் வினா, ஒருவர் மற்றொருவரை அவ்வாறு கேட்பதில்லை. "சர்க்கரை இருக்குதுன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?" என்று கேட்கும்போதுதான் கேட்போரின் ஐயம் வினாவில் இடம்பெறுகிறது. வினா எழுத்து வழக்கில் அமையின் விடையும் சொற்பொழிவாகிவிடும். உரையாடல் என்பது பெயரளவில் நிற்கும். நூல் அறிமுகங்களிலும் இக்குறை உண்டு.

3. கலைச்சொல்லும் பொருள் மயக்கமும்

எல்லைப்புறத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. அறிவுரை தமிழகத் தமிழில் வருகிறது. மருத்துவமனையில் எதிர்ப்படுவதோ மலையாளச் சொல். மலையாளத்தில் 'பனி' காய்ச்சலைக் குறிக்கும். 'எலிப்பனி' என்பது எலிக்காய்ச்சல். நீரிழிவை அங்குப் 'பிரமேகம்' என்பர். தமிழில் 'மேகநோய்' பால்வினை நோயைச் சுட்டுவதால் அச்சொல் முதியோர்க்குக் கூச்சத்தையும் அச்சத்தையும் தரக்கூடும். நிலச்சரிவு 'உருள்பொட்டல்' எனப்படும்.

இருமொழியாளர்க்கு இம்மயக்கம் இல்லை. தோட்டங்களில் தமிழ் மட்டுமே அறிந்த முதியோர்க்கும், தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் ஏலத்தோட்டங்களுக்கு வந்து செல்லும் தொழிலாளர்க்கும் உண்டு. 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நிகழ்ந்த நிலச்சரிவில் எழுபது உயிர்கள் அழிந்தன. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அவ்விழப்புக்கு மொழி காரணம் எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் அத்தகைய சரிவுகளில் வாழ்வோர்க்கு எச்சரிக்கைச் சொல் ஐயமற விளங்குதல் இன்றியமையாதது.

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வழிசெய்தது. அஃது எழுத்துக்குரிய உரிமை. நலவாழ்வு அறிவுரை பெரும்பாலும் செவிவழியே வருவது. அங்கு விளக்கும் கடமை உரையாடலைச் சார்ந்தது.

மலையாளச் சொல்லைக் கூறுவது தமிழின் தூய்மையைக் கெடுக்கும் என்பர் சிலர். இங்குப் பரிந்துரைப்பது கடன்பெறுதல் அன்று, சுட்டி விளக்குதல். "எலிக்காய்ச்சல், ஆஸ்பத்திரியிலே எலிப்பனின்னு சொல்வாங்க" என ஒருமுறை கூறின் போதும். தமிழ்ச் சொல்லும் நிலைபெறும். நோயாளியும் மருத்துவமனையில் தடுமாறார்.

4. கேட்போர் ஆக்கிய பெயர்

கேட்போர் சொல்லை ஏற்பதோடு ஆக்கவும் செய்வர். 1960-களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் வழியே ஆடுதுறை 27 என்னும் நெல் தஞ்சையில் பரவியபோது உழவர் அதனை 'ரேடியோ நெல்' என்றனர். ஆய்வு நிலையம் இட்ட எண்ணைவிடத் தாம் செய்தி பெற்ற வழியே அவர்கள் நினைவில் நின்றது. கலைச்சொல்லை உருவாக்குவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

5. முடிவுரை

வானொலி உரையாடலின் வெற்றிக்கு வல்லுநரின் புலமை மட்டும் போதாது. கேட்போரின் இடத்தில் நின்று இடைமறித்து வினவும் நிகழ்ச்சியாளரின் திறமும் வேண்டும். எல்லைப்புற நிலையங்கள், நோய், மருந்து, பேரிடர், அரசு அலுவலகம் ஆகிய துறைகளில் தமிழ்ச் சொல்லையும் அதற்கு இணையான மலையாள வழக்கையும் அருகருகே தரும் சிறு சொற்பட்டியலை நிகழ்ச்சியாளர்க்கென உருவாக்குதல் பயன்தரும். மொழியியலார் அதற்குத் துணைநிற்கலாம்.