கடிகாரம் சொன்னதும் சொல்லாததும்

ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்திற்குள் ஓடிய முதல் மனிதர் ரோஜர் பானிஸ்டர் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். 1954ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், ஆக்ஸ்போர்டு நகரின் ஐஃப்ளி சாலைத் திடலில் அவர் ஓடிய நேரம் 3 நிமிடம் 59.4 வினாடி. அப்போது அவர் இலண்டனில் மருத்துவ மாணவர். தம் ஓட்ட வாழ்வைப் பற்றி அவரே எழுதிய 'முதல் நான்கு நிமிடங்கள்' என்னும் ஆங்கில நூல் 1955இல் வெளிவந்தது.

நூலைப் படித்தவர் சிலர். படியாமலே அதற்கு நீதி கூறுவோர் பலர். "உலகம் முடியாது என்றதை மனவலிமை ஒன்றினாலேயே முடித்தார், அவர் தடையை உடைத்ததும் மற்றவர் மடை திறந்த வெள்ளம்போல் ஓடினர்" என்பது அந்நீதி. பரிசளிப்பு விழாப் பேச்சிலும் மாணவர் கட்டுரையிலும் இது தவறாமல் இடம் பெறுகிறது. நூல் இவ்வாறு கூறுகின்றதா என்று ஆராய்வது ஆசிரியர்களுக்குப் பயன் தரும்.

முதலில் வெள்ளத்தைப் பார்ப்போம். சுவீடன் நாட்டுக் குண்டர் ஹாக் 1945இலேயே 4 நிமிடம் 1.4 வினாடியில் ஓடிவிட்டார். ஆஸ்திரேலியர் ஜான் லாண்டி 1952 டிசம்பரில் 4 நிமிடம் 2.1 வினாடியை எட்டினார். பானிஸ்டருக்குப் பின் 46ஆம் நாள், பின்லாந்தின் துர்க்கு நகரில், லாண்டி 3 நிமிடம் 58 வினாடியில் ஓடினார். ஆயினும் 1954 முடியும்வரை நான்கு நிமிடத்தை வென்றவர் இவ்விருவர் மட்டுமே. அடுத்த மூவர் 1955 மே 28இல்தான் இலண்டனில், ஒரே பந்தயத்தில், அவ்வெல்லையைக் கடந்தனர். இஃது ஆண்டுக்கணக்கில் பயின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கரை சேர்ந்த கதை. மடை திறந்த வெள்ளம் அன்று.

இனி, நூலின் உயிர்ப்பகுதிக்கு வருவோம். 1953 டிசம்பரில் பானிஸ்டரும் அவர் நண்பர்களும் ஒரு பயிற்சியைத் தொடங்கினர். 440 கஜத்தைப் பத்து முறை ஓடுவது, ஒவ்வோர் ஓட்டத்திற்கும் இடையில் இரண்டு நிமிட ஓய்வு, இவ்வளவே. தொடக்கத்தில் ஓர் ஓட்டத்திற்கு 66 வினாடி ஆயிற்று. நான்கு 440 கஜம் ஒரு மைல்; ஆகவே குறி 60 வினாடி. தூரம் மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை, ஓய்வும் மாறவில்லை. மாறியது நேரம் ஒன்றே. அதனால்தான் டிசம்பர் எண்ணையும் ஏப்ரல் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிட முடிந்தது. வாரந்தோறும் வேறு வேறு தூரம் ஓடி, வேறு வேறு ஓய்வு எடுத்து, முன்னேறினோம் என்று மகிழ்பவர் உண்மையில் எதையும் அளக்கவில்லை.

ஏப்ரலில் எண் 61க்கு வந்து நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் 60 கிட்டவில்லை. மனவலிமை நீதியின்படி, அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் கடுமையாக உழைத்திருக்க வேண்டும். அவர்கள் செய்ததோ வேறு. பானிஸ்டரும் கிறிஸ் பிராஷரும் ஓட்டத்தை விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்குச் சென்று சில நாள் பாறை ஏறினர். திரும்பி வந்து ஓடியபோது 59 வினாடி! எண் நின்றது என்று மட்டுமே கடிகாரம் சொன்னது. ஏன் நின்றது என்று அது சொல்லவில்லை. உழைப்புக் குறைவா, களைப்பு மிகுதியா என்று தேர்ந்தறியும் பொறுப்பு மனிதனுடையது.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஓய்வெடுத்து ஓடும் பத்துத் துண்டுகள் ஒரு முழு மைலுக்கு ஈடாகா. ஆதலால் அவர் முக்கால் மைலைத் தனியே சோதித்தார். ஏப்ரல் 28இல் துணையின்றி, பலத்த காற்றில், 2 நிமிடம் 59.9 வினாடியில் அதை ஓடினார். பந்தய நாளில் முக்கால் மைல் கடந்த நேரம் 3 நிமிடம் 0.5 வினாடி. சோதனையும் பந்தயமும் ஒரு வினாடிக்குள் ஒத்திருப்பது வியப்புக்குரியது. அச்சோதனைக்குப் பின் அவர் பந்தயத்திற்கு முந்திய ஐந்து நாளும் முழு ஓய்வு கொண்டார்.

தோல்வியையும் அவர் மறைக்கவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்திற்கு அவர் குறைந்த பயிற்சியோடு, தம் வேகத்தை நம்பிச் சென்றார். போட்டி நெருங்கிய வேளையில் அரையிறுதிச் சுற்று ஒன்று கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. அடுத்தடுத்து மூன்று நாள் ஓட நேர்ந்தது. நான்காம் இடமே கிடைத்தது. வேகத்தை அளந்தவர், களைப்பிலிருந்து மீளும் ஆற்றலை அளக்கவில்லை. பிழையான அளவைவிடப் பிழையான பொருளை அளப்பதே பெருங்கேடு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

நூலில் குறை இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்துப் பயணத்தால் விளைந்த பயன் உடலின் ஓய்வாலா, மனத்தின் மாற்றத்தாலா என்பது முடிவாகத் தெரியவில்லை. ஒருமுறை நிகழ்ந்ததை விதியாகக் கொள்ள இயலாது. தேங்கி நிற்கும்போதெல்லாம் மலையேறினால் போதும் என்று இளைஞர் எண்ணிவிடவும் கூடும். மேலும், நூலின் புகழ் ஒருவர்மீதே படிந்துவிட்டது. ஐஃப்ளி சாலையில் முதலில் பிராஷரும், பின்னர் கிறிஸ் சாட்டவேயும் முன்னே ஓடி வேகம் அமைத்துத் தந்தனர். பயிற்சியிலும் அவர்கள் துணை நின்றனர். தனி ஒருவரின் எண்ணாகத் தோன்றுவதில் பிறர் கால்களின் உழைப்பும் கலந்திருக்கிறது.

ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதற்கு முன்னரே வலியறிதலையும் காலமறிதலையும் அடுத்தடுத்து வைத்தார். வைப்புமுறையை நோக்குவோர்க்குப் பானிஸ்டர் நூலின் கருத்து புதிதாகத் தோன்றாது. பள்ளித் திடலில் ஒரு சிறுவனின் நேரம் மூன்று வாரமாகக் குறையவில்லை என்றால், வகுப்பில் ஒரு சிறுமியின் மதிப்பெண் ஓரிடத்திலேயே நின்றால், "சோம்பல்" என்று ஒரு சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுவது எளிது. ஒரே அளவுகோலால் அளந்தோமா, அளக்க வேண்டியதை அளந்தோமா, நின்றதன் காரணத்தைக் கேட்டோமா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அச்சொல்லை எழுதும் உரிமை பிறக்கும். இந்நூலை மாணவர்க்கு எடுத்துரைப்போர், மே 6ஆம் நாளின் ஆரவாரத்தோடு, எண் 61இல் நின்ற ஏப்ரல் நாட்களையும் சேர்த்தே கூறுவார்களாக.